பென் ட்ரைவில் ஏறிவரும் கையொப்பம்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதி, திகன, தெல்தெனிய என்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பக்கமாக வந்து, பிறகு மலையேறத் தொடங்குகிறது. அந்த ஏற்றத்தில் இருக்கிறது ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலைகளுக்குள் லூல்வத்த, கோர்பட்ஸ் கெப், மீமுரே என்று உள்ளே போகிறவர்கள் இங்கேதான் பிரதான வீதியை விட்டுத் திரும்புகிறார்கள். இப்படியான ஊர்களுக்கு மென்பொருள் வந்து சேரும் வழி கொழும்பில் வந்து சேரும் வழியைப் போன்றதல்ல. லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் செட்டப் கோப்பு மட்டும் முந்நூறு மெகாபைட்டைத் தாண்டும். தொலைபேசியின் டேட்டாவில் அதை ஒவ்வொருவரும் தனித்தனியே இறக்குவது கட்டுப்படியாகாது. ஒருவர் இறக்கினால், பென் ட்ரைவில் பத்துக் கணினிகளுக்குப் போகும். கண்டி நகரத்துக் கடையில் பழுதுபார்க்கக் கொடுத்த கணினி, கேட்டதும் கேட்காததுமாகப் பல மென்பொருள்கள் போடப்பட்டுத் திரும்பி வரும். அந்தக் கோப்பை ஆக்கியவர் யார், வழியில் அதற்குள் யாராவது எதையாவது நுழைத்தார்களா என்று இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் யாரும் கேட்பதில்லை. கேட்கத் தெரியாததால் அல்ல, கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லாததால்.

அந்த வழிக்குப் பெயர் டிஜிட்டல் கையொப்பம். சான்றிதழின் போட்டோப் பிரதியைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோய், அவர் மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்திக் கையெழுத்திடுவதை நாம் எல்லோரும் அறிவோம். மென்பொருளிலும் ஏறத்தாழ அதுவே நடக்கிறது. செட்டப் கோப்பு முழுவதையும் ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தினால் சிறிய இலக்கத் தொடர் ஒன்று கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தத் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். மென்பொருளை வெளியிடுபவர் தன்னிடம் மட்டுமே இருக்கும் இரகசியச் சாவியால் அந்தத் தொடரைப் பூட்டிக் கோப்போடு சேர்த்துவிடுகிறார். இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று உறுதி சொல்ல, டிஜிசேர்ட், குளோபல்சைன் போன்ற சான்றளிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றை விண்டோஸ் ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு செட்டப்பை இயக்கும்போது திரையில் வெளியீட்டாளரின் பெயர் தோன்றுகிறது. கையொப்பம் இல்லாவிட்டால் ‘அறியப்படாத வெளியீட்டாளர்’ என்ற எச்சரிக்கை வருகிறது. சமாதான நீதவான் பதவியில் இருந்தபோது குத்திய முத்திரை அவர் ஓய்வுபெற்ற பிறகும் செல்லும் அல்லவா? அதேபோல, கையொப்பமிட்ட நேரத்தை மூன்றாம் தரப்பு ஒன்று பதிந்து கொடுத்திருந்தால், சான்றிதழ் காலாவதியான பின்னரும் அந்தக் கையொப்பம் செல்லுபடியாகும். இந்தக் கடைசி விஷயம் சிறியதாகத் தெரியலாம். பழைய கணினி வைத்திருப்பவருக்கு இதுவே பெரியது.

இணையத்தளத்தின் முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பார்த்துத் திருப்தியடைபவர்கள் உண்டு. அந்தப் பூட்டு காப்பது பாதையை மட்டும்தான். கோப்பு தளத்திலிருந்து உங்கள் கணினிக்கு வந்து இறங்கியதும் அதன் வேலை முடிந்தது. அதன்பின் அது எத்தனை பென் ட்ரைவ் மாறினாலும், எந்தக் கடையின் மேசையில் கிடந்தாலும், கூடவே போவது கோப்புக்குள் பொதிந்த கையொப்பம் ஒன்றுதான். ஆகவே, கையொப்பம் என்பது நேரடியாக இறக்கிக்கொள்ளக்கூடிய நகரத்துக்காரரை விட, இரண்டாம் மூன்றாம் கை வழியாகக் கோப்பைப் பெறும் மலையூர்க்காரருக்கே கூடுதலாகப் பயன்பட வேண்டியது. நடைமுறையில் இது தலைகீழாகிப் போகிறது. ஏன் அப்படி ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு நான் காணும் காரணம், மென்பொருள் வெளியீட்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போல அறிவிக்கப்படும் இரண்டு மாற்றங்கள்: கையொப்ப முறை மாறுவது ஒன்று, பழைய இயங்குதளங்களைக் கைவிடுவது மற்றொன்று.

முதலாவதற்கு அண்மைய உதாரணம் நோட்பேட்++. 2003 இலிருந்து டொன் ஹோ என்பவர் இலவசமாக வெளியிட்டு வரும் எழுத்துத் தொகுப்பி அது. எச்.டி.எம்.எல். எழுதிப் பழகும் மாணவர்கள் பலர் முதலில் திறப்பது அதைத்தான். சான்றளிக்கும் நிறுவனமொன்று நன்கொடையாகக் கொடுத்திருந்த சான்றிதழ் 2025 இல் காலாவதியானது. பதிவுபெற்ற வணிக நிறுவனமாக இல்லாத ஒரு மென்பொருளின் பெயரில் புதிய சான்றிதழ் எடுப்பது எளிதாக இருக்கவில்லை. ஆகவே 8.8.3 பதிப்பு, தானே ஆக்கிக்கொண்ட சான்றிதழால் கையொப்பமிடப்பட்டு வந்தது. தன் பிரதிக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வதை ஒத்தது இது. விண்டோஸ் அதை நம்பவில்லை. நம்ப வேண்டுமானால் பயனாளர் அந்த மூலச் சான்றிதழைத் தன் கணினியில் தானே ஏற்ற வேண்டியிருந்தது. சில மாதங்கள் கழித்து குளோபல்சைனிடமிருந்து முறையான சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அதே 2025 இன் ஜூனிலிருந்து வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. மென்பொருளின் தளம் தங்கியிருந்த வழங்கியைத் தாக்கியவர்கள், தேர்ந்தெடுத்த சில பயனாளர்களின் புதுப்பிப்புக் கோரிக்கைகளை மட்டும் வேறு பக்கம் திருப்பி, நஞ்சு கலந்த கோப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள். அரசொன்றின் ஆதரவு பெற்ற குழுவின் வேலை இது என்று 2026 பெப்ரவரியில் டொன் ஹோ வெளிப்படையாக அறிவித்தார். தாக்கியவர்களின் கையில் வழங்கி இருந்தது, கையொப்பச் சாவி இருக்கவில்லை. அவர்கள் கொடுத்த கோப்பில் நோட்பேட்++ இன் முத்திரை இருந்திருக்க முடியாது. பழைய புதுப்பிப்புக் கருவி அதைக் கண்டிப்பாகச் சரிபார்க்காததால் கோப்பு உள்ளே போய்விட்டது. இறக்கிய செட்டப்பின் கையொப்பத்தையும் சான்றிதழையும் சரிபார்த்துப் பிழையானால் நிறுத்திவிடும் ஏற்பாடு 2025 டிசெம்பரில், 8.8.9 பதிப்பில்தான் வந்தது.

கையொப்பம் இருந்தும் நஞ்சு வந்த சம்பவங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, அவை சிறியவையும் அல்ல. 2010 இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், தைவானின் ரியல்டெக், ஜேமைக்ரோன் நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்களைத் தாங்கி வந்தது. 2017 இல் சிகிளீனர் 5.33 பதிப்பு முறையான கையொப்பத்தோடேயே 22 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தீங்கு நிரலைக் கொண்டுபோனது. 2020 இன் சோலார்வின்ட்ஸ் சம்பவத்தில் ஏறத்தாழ 18,000 நிறுவனங்கள் கையொப்பமிட்ட நச்சுப் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டன. கையொப்பம் என்பது கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பதற்கான சாட்சி. அவர் வீட்டுக்குள் திருடன் புகவில்லை என்பதற்கு அது சாட்சி சொல்லாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அந்த மூன்று தாக்குதல்களிலும் எதிரிகள் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். சாவியைத் திருட வேண்டும், அல்லது நிறுவனத்தின் உற்பத்திக்கூடத்துக்குள்ளேயே நுழைய வேண்டும். கையொப்பமில்லாத செட்டப்பைப் பென் ட்ரைவில் கெடுப்பதற்கு இவை ஒன்றும் தேவையில்லை. பூட்டை உடைக்கத் தெரிந்தவன் இருக்கிறான் என்பதற்காக யாரும் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதில்லை.

இனி இரண்டாவது மாற்றம். கூகுள் குரோம் 2023 இல் விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றைக் கைவிட்டது. அவற்றில் ஓடும் கடைசிப் பதிப்பு 109. நம் நாட்டு உயர்தர ஐ.சி.ரி. பாடத்தில் கற்பிக்கப்படும் பைதன் மொழி, 2020 ஒக்டோபரில் வந்த 3.9 பதிப்போடு விண்டோஸ் 7 ஐ விட்டுவிட்டது. லிப்ரே ஒஃபிஸ் 2025 ஓகஸ்டில் 25.8 பதிப்போடு அதையே செய்தது. விண்டோஸ் 10 இன் ஆதரவே 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11 க்குப் போகலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் அல்லது அதற்குப் பிந்திய தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. 2016 இல் வாங்கி, இன்றும் பழுதில்லாமல் ஓடும் கணினி அந்தப் பரீட்சையில் தேறாது.

இந்த இரண்டு மாற்றங்களும் சந்திக்கும் முடிச்சு எங்கே விழுகிறது என்பதற்கு விண்டோஸ் 7 தெளிவான சாட்சி. கையொப்பத்துக்கு அடிப்படையான கணக்கீட்டு முறை முன்பு ஷா-1 ஆக இருந்தது. ஒரே இலக்கத் தொடரைத் தரும் இரு வெவ்வேறு கோப்புகளை ஆக்க முடியும் என்று 2017 பெப்ரவரியில் கூகுளும் அம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வகமும் செய்து காட்டின. ஒரே முத்திரை இரண்டு ஆவணங்களுக்குப் பொருந்துமானால் அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. எல்லோரும் ஷா-2 க்கு மாறியது சரியான முடிவு. 2019 மார்ச்சில் மைக்ரோசொப்ட் விண்டோஸ் 7 க்கு ஷா-2 ஐப் புரியவைக்கும் புதுப்பிப்பை வெளியிட்டது. ஆனால் பழைய டி.வி.டி.யிலிருந்து விண்டோஸ் 7 ஐப் போட்டு, இணையத்தோடு இணைக்காமலே வைத்திருக்கும் ஒரு கணினிக்கு அந்தப் புதுப்பிப்பு போய்ச் சேராது. அதில் முறையாகக் கையொப்பமிட்ட புதிய கோப்பைக் கொண்டுபோய் வைத்தால், நல்ல முத்திரையையே அந்தக் கணினி சந்தேகத்தோடு பார்க்கும். இப்படி நாலு முறை பொய் எச்சரிக்கை கண்டவர் ஐந்தாவது முறை உண்மை எச்சரிக்கை வரும்போதும் ‘எப்படியானாலும் இயக்கு’ என்ற பொத்தானைத்தான் அழுத்துவார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதே என்று அவருக்குப் பழக்கியதே அந்த இயந்திரம்தான்.

புதுக் கணினி வாங்கினால் முடிந்தது என்று சொல்வது எளிது. 2022 இல் டொலருக்கு 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை போன நாடு இது. அன்றைக்குத் தள்ளிப்போட்ட கணினியை இன்னும் வாங்காத வீடுகளும் பாடசாலைகளும் எத்தனையோ. கணினி உரிமையிலும் கணினி அறிவிலும் பெருந்தோட்டத் துறை எப்போதும் கடைசியில் நிற்பதைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கைகள் ஆண்டாண்டாகக் காட்டி வருகின்றன. விண்டோஸ் 10 க்கு 2026 ஒக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசொப்ட் 30 டொலருக்குக் கொடுக்கிறது. அது ஏறத்தாழ 9,000 ரூபா. 2024 இல் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தில் கிட்டத்தட்ட ஏழு நாள் உழைப்பு. மைக்ரோசொப்ட் கணக்கைத் திறந்து, கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் அதே நீட்டிப்பு இலவசமாகக் கிடைக்கும். இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அப்படியென்றால் பழையவற்றை என்றென்றும் ஆதரிக்க வேண்டுமா? அதுவும் கூடாது. அதற்கான பாடத்தை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. 2023 ஓகஸ்ட் 26 இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் அமைப்பு கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 இலிருந்து தாக்குதல் நாள் வரையான மின்னஞ்சல்கள், காப்புப் பிரதி இல்லாததால், மீளக் கிடைக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதன் ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரல் 11 இலேயே முடிந்திருந்தது. 2021 இலிருந்தே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிட்டும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய நிர்வாகத்தின் தீர்மானங்களாலும் அது தாமதமானதாக அரசின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான இக்டா விளக்கமளித்தது. பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பதன் விலை என்ன என்பதை நாடே அன்று பார்த்தது. இலவச மென்பொருள் ஆக்கும் சிறு குழுக்களின் நிலையும் நினைக்கத்தக்கது. மைக்ரோசொப்டே கைவிட்ட ஒரு இயங்குதளத்தில் ஒவ்வொரு பதிப்பையும் சோதித்துப் பார்க்க அவர்களிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

ஆகவே நான் கேட்பது ஆதரவு நீடிக்க வேண்டும் என்றல்ல, விடைபெறும் முறை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று. ஒரு இயங்குதளத்தைக் கைவிடும் வெளியீட்டாளர், அதில் ஓடிய கடைசிப் பதிப்பை நேரமுத்திரையோடு கையொப்பமிட்டு, தன் சொந்தத் தளத்திலேயே, தேடினால் கிடைக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். பைதன் இதைச் செய்கிறது: விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசிச் செட்டப்பான 3.8.10, பைதன் மென்பொருள் அறக்கட்டளையின் கையொப்பத்தோடு இன்றும் அவர்களின் தளத்தில் இருக்கிறது. லிப்ரே ஒஃபிஸை வெளியிடும் டொகியூமென்ட் அறக்கட்டளை பழைய பதிப்புகள் அனைத்தையும் தன் காப்பகத்தில் வைத்திருக்கிறது. விண்டோஸ் 7 காரருக்கு உரியது 25.2 வரிசை. பயர்பொக்ஸ், புதிய பதிப்புகளில் விண்டோஸ் 7 ஐ விட்ட பின்னரும், 115 ஆம் நீள்ஆதரவுப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பல முறை நீட்டித்துக் கொடுத்தது. இப்படிச் செய்யாத மென்பொருளுக்கு என்ன ஆகிறது? தேவை அப்படியே இருக்கிறது, நல்ல வாசல் மட்டும் மூடப்படுகிறது. தேவையோடு வந்தவர் பக்கத்து வாசலுக்குப் போகிறார்: பழைய பதிப்புகளைத் திரட்டி விளம்பரங்களோடு கட்டிக் கொடுக்கும் யாரோ ஒருவரின் தளத்துக்கு, அல்லது வைரஸ் காவலை நிறுத்திவிட்டு இயக்கச் சொல்லும் திருட்டுப் பிரதிக்கு. பாதுகாப்பின் பெயரால் எடுத்த முடிவு, பாதுகாப்பு மிகத் தேவையான ஆளைப் பாதுகாப்பில்லாத இடத்துக்குத் தள்ளுகிறது.

கையொப்பம் பணக்காரர் வைத்த வாயிற்காவல் என்ற எதிர்வாதத்தை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். விண்டோஸ் முன் செல்லுபடியாகும் சான்றிதழுக்கு ஆண்டுக்குப் பல நூறு டொலர் செலவாகும். 2023 ஜூனிலிருந்து சாவியைப் பாதுகாப்பான வன்கருவியில்தான் வைத்திருக்க வேண்டும். முன்பு மூன்று ஆண்டுக்கு மேல் நீண்ட சான்றிதழின் ஆயுள், 2026 மார்ச்சிலிருந்து 460 நாட்களாகச் சுருங்கிவிட்டது. இவை சாவித் திருட்டைக் குறைக்கும் நல்ல விதிகள்தான். ஆனால் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போல நாம் தமிழ் எழுத இலவசமாகக் கிடைத்த கருவிகளை நினைத்துப் பாருங்கள். அத்தகைய ஒன்றை நாளைக்குப் பேராதனையிலோ ஹற்றனிலோ ஒரு மாணவர் எழுதினால், அந்தச் செலவை யார் தாங்குவது? இணையத்தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற ஒன்று மென்பொருளுக்கு இன்னும் இல்லை. திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகக் கையொப்பமிட்டுத் தரும் சைன்பாத் அறக்கட்டளை ஓரளவு இடைவெளியை நிரப்புகிறது. அண்ட்ரொயிட்டிலும் இதே கதை தொடங்குகிறது: அடையாளம் உறுதிசெய்யாதவர்களின் செயலிகளைத் தடுக்கும் முறையை 2026 செப்டெம்பரில் நான்கு நாடுகளிலும் 2027 இலிருந்து மற்ற நாடுகளிலும் கொண்டுவருவதாக 2025 இல் கூகுள் அறிவித்தது. எஃப்-ட்ரொயிட் என்ற திறமூலச் செயலிக் களஞ்சியம் கடுமையாக எதிர்த்தது. பின்னர், விளைவு அறிந்த பயனாளர்களுக்குத் தனி வழி ஒன்று விடப்படும் என்று கூகுள் சற்று இறங்கி வந்தது. என் நிலைப்பாடு இதுதான்: கையொப்பம் வேண்டும், அதன் செலவைச் சமூகம் பகிர வேண்டும். 2006 இலேயே இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தை இயற்றிய நாடு இது. ஆவணங்களுக்கும் வங்கிப் பரிமாற்றங்களுக்கும் லங்காசைன் என்ற சான்றிதழ்ச் சேவை 2009 இலிருந்து இங்கே இயங்குகிறது. நம் பல்கலைக்கழகங்கள் மாணவர் எழுதும் பொதுப்பயன் மென்பொருளுக்குத் தங்கள் பெயரில் கையொப்பமிட்டுக் கொடுப்பது அவ்வளவு பெரிய காரியமல்ல.

விண்டோஸை விட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறச் சொல்பவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. கண்டியின் ஹந்தானை மலையின் பெயரிலேயே இலங்கையர் ஆக்கிய லினக்ஸ் பதிப்பு ஒன்று உண்டு. லினக்ஸில் மென்பொருள்கள் பொதுவாகக் கையொப்பமிட்ட களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. பழைய கணினியிலும் ஓடுகின்றன. ஆயினும் அங்கும் கதவுகள் மூடப்படுகின்றன. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 இல், 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் கோப்பு இல்லை.

வெளியீட்டாளர்கள் ஒழுங்காக விடைபெறப் பழகும்வரைக்கும் ஹுன்னஸ்கிரியவில் பென் ட்ரைவைக் கையில் வைத்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு அரை நிமிடம் போதும். செட்டப் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள பெயரை வாசியுங்கள். பைதன் என்றால் பைதன் மென்பொருள் அறக்கட்டளை, லிப்ரே ஒஃபிஸ் என்றால் டொகியூமென்ட் அறக்கட்டளை என்று இருக்க வேண்டும். அந்த வரியைத் தெரிவுசெய்து ‘டீட்டெய்ல்ஸ்’ அழுத்தினால், கையொப்பம் சரியா என்றும் எந்த நாளில் இடப்பட்டது என்றும் விண்டோஸ் சொல்லும். விண்டோஸ் 7 இல் சந்தேகம் காட்டினால், ஷா-2 புதுப்பிப்பு உள்ள வேறொரு கணினியில் அதே கோப்பை ஒருமுறை சரிபார்த்த பின் முடிவெடுக்கலாம். கணினி திருத்தும் கடைகளும் பாடசாலைக் கணினி அறைகளும், இப்படிச் சரிபார்த்த கடைசிப் பதிப்புகளை, எந்தத் தளத்திலிருந்து எந்த நாளில் இறக்கியது என்ற குறிப்போடு ஒரு டிஸ்க்கில் சேர்த்து வைக்கலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி மூடி, சிக்னலும் போய்விடும் நாட்களில் லூல்வத்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் பைதன் தேவைப்பட்டால், கொடுப்பதற்கு முத்திரை உள்ள பிரதி ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கும்.